பதில் வராத ஒன்பது கேசட்டுகள்

அண்ணன் முதலில் உடைத்தது தபால் பெட்டியை. அதைச் செய்து மாட்டியவனும் அவன்தான். ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, மூடிக்குக் கீல் வைத்து, பச்சை வர்ணம் அடித்து, திருவண்ணாமலையில் பெரிய தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டு வாசலில் ஆணி அடித்து மாட்டினான். "மெட்ராஸ்லேர்ந்து லெட்டர் வரும். மழைல நனையக் கூடாது பாரு" என்றான். நான்கு மாதத்தில் அந்தப் பெட்டிக்கு வந்தவை இரண்டு கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு பல்லியும். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் கடப்பாரையை எடுத்துவந்து அடிக்க ஆரம்பித்தான். ஆணியிலிருந்து பிய்ந்து விழுந்த பிறகும் அடித்தான், தட்டையான பிறகும் அடித்தான், பச்சை வர்ணம் உதிர்ந்து தகரம் பளபளக்கும் வரை அடித்தான். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வாயில் பல்பொடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடி டின்மேல்தானே விழுகிறது என்கிற தைரியத்தில் வந்த சிரிப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா அம்மா இருவரும் போன பிறகு அண்ணன், அண்ணி, தங்கச்சி நான் என்று மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தோம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. அண்ணன் கீபோர்டு வாசிப்பவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்று ஊர்களுக்குப் போய்வரும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தான். நன்றாக வாசிப்பான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அவனைப் பற்றி நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை, அவன் நன்றாக வாசிப்பான் என்பதும்.

டி.வி.யில் தொடர்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொன்றுக்கும் தனியாக இசை போட நேரமில்லாதவர்கள், தயாராகக் கிடைக்கும் துண்டுகளை வாங்கி ஒட்டினார்கள். அழுகைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கதவைத் திறந்துகொண்டு மாமியார் உள்ளே வருவதற்கு ஒன்று. அந்தத் துண்டுகளை அண்ணன் 'பிட்' என்பான். அப்படிப் பிட்டுகளை வாங்கி அடுக்கிவைத்துக் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று சென்னையில் இருந்தது. வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். கேசட்டில் பதிந்து அனுப்பவும், தேர்வானால் தெரிவிக்கப்படும், தேர்வாகாதவை குறித்துக் கடிதப் போக்குவரத்து இல்லை. இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை நாங்கள் யாரும் சரியாகப் படிக்கவில்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமாம். ஆனால் எத்தனை நாள் வராவிட்டால்? அதை யார் சொல்வார்கள்? இன்று வராதது நாளை வரலாம் அல்லவா? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டால் மனிதன் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேறு வேலை பார்ப்பான். ஒன்றுமே சொல்லாவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பதிவெல்லாம் வீட்டிலேயேதான். சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் கம்மியாகிவிடும், டேப் மெதுவாக ஓடும், சுருதி இறங்கிவிடும். அதனால் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஜன்னல்களைப் போர்வையால் அடைத்துவிட்டு உட்காருவான். பௌர்ணமி நாட்களில் அந்தப் பேச்சே கிடையாது, கிரிவலக் கூட்டத்தின் சத்தம் போர்வைக்கெல்லாம் அடங்காது. கேசட்டுக்குப் பத்துப் பிட். ஆனால் பிட்டுகளுக்கு முன்னால் எப்போதும் ஒன்று உண்டு, பிள்ளையாருக்கு மூன்று நிமிட வாசிப்பு. எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு எதுவும் பிள்ளையார் பாட்டு இல்லாமல் மேடையைத் தொடங்காது. அண்ணன் அதற்காகத் தானே ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தான். சின்ன வயதில் இரட்டைப் பிள்ளையார் கோயில் வாசலில் முதன்முதலாக வாசித்தது. மேடையோ கேசட்டோ, அதை வைக்காமல் கையை வேறெங்கும் கொண்டுபோக மாட்டான். அதே மெட்டு, அதே நீளம், தொடக்கத்தில் அதே மணிச் சத்தம்.

பதிந்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவான். சுவரில் முதுகைச் சாய்த்து நான் உட்கார வேண்டும். பிட் ஓடும்போது டேப்பைப் பார்க்க மாட்டான், என் முகத்தையே பார்ப்பான். முடிந்ததும், "எப்டி இருக்கு?" என்பான். "நல்லா இருக்குண்ணா" என்பேன். அண்ணியைக் கேட்பான். "சூப்பரா இருக்குங்க" என்பார் அண்ணி, அடுப்பங்கரையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல். ஏன் இப்படிச் சொன்னோம் என்றால், மாற்றிச் சொன்னவர் கதி எங்களுக்குத் தெரியும். குழுவில் ரிதம் பேடு வாசித்தவர் ஒருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "இது இன்னாபா, ஒரு சினிமாப் பாட்டு மாரியே கீது" என்று சிரித்தார். அவர் சிரிப்பை முடிப்பதற்குள் டீ கிளாஸ் அவர் வாயில் உடைந்தது. முன்பல் இரண்டு தரையில் கிடந்தன. அண்ணி ரத்தத்தைத் துடைக்கத் துணி தேடியபோது அண்ணன் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். குழுவிலிருந்து அன்றைக்கே அவனை நீக்கினார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு இருந்தது அந்தச் சென்னைக் கம்பெனி ஒன்றுதான். அவர்கள் எடுத்துக்கொண்டால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை. அண்ணி அப்போது நான்கு மாதம்.

கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவோம். விலாசமும் கடிதமும் என் கையெழுத்து. 'ஐயா, வணக்கம், இத்துடன் பத்து பிட்டுகள் இணைத்துள்ளேன்' என்று ஒரே கடிதத்தைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதினேன். கேசட்மேல் ஒட்டிய சீட்டிலும் ஒரே வாசகம்தான். பத்து நாளில் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார், ஒரு கிறுக்கல் கையெழுத்தோடு. அந்தக் கம்பெனியிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் அந்தக் கிறுக்கல் மட்டுமே. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பான். "இந்தத் தடவ பாரு, கடைசில நல்லா நீட்டி உட்டுக்கிறான். புடிச்சிருக்கு அவனுக்கு" என்பான். இன்னொரு முறை, "இன்னா இது, அவசர அவசரமா போட்டுக்கிறான்? ஜாஸ்தி சோகமா போய்ட்டுச்சோ?" என்று கவலைப்படுவான். அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பி, எந்தக் கேசட்டுக்கு எந்தக் கையெழுத்து என்று ஒப்பிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். பார்க்கப் பாவமாக இருக்கும். பக்கத்தில் போகப் பயமாகவும் இருக்கும்.

தபால்காரரும் வாங்கிக்கட்டிக்கொண்டார். வயசானவர், சைக்கிளை விட்டு இறங்காமலேயே தலையை ஆட்டி இல்லை என்பார். அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை அண்ணனுக்கு. ஒருநாள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் சைக்கிளோடு சாய்ந்து, தெருவெல்லாம் கடிதங்கள் சிதறின. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அண்ணன் அந்தக் கடிதங்களில் தன் பெயரைத் தேடினான். ஊர்க்காரர்களின் கடிதங்களைக் காலால் புரட்டிப் புரட்டித் தேடினான். நானும் அண்ணியும் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்து, அவர் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டோம். அதிலிருந்து எங்கள் தெருத் தபாலை அவர் முனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அண்ணனுக்குப் பயந்து ஒரு தெருவே தன் கடிதத்தைக் கடையில் போய் வாங்கிக்கொண்டது.

ஏழாவது கேசட்டின்போது என் முறை வந்தது. பூத்தில் அன்றெல்லாம் நான் பார்ப்பது ஒன்றுதான்: போன் போடுகிறவர்கள் முதலில் என்ன சொல்கிறார்களோ அதை வைத்துத்தான் எதிர்முனை பேசுகிறதா, வைத்துவிடுகிறதா என்பது முடிவாகும். வெள்ளைக்காரர்களுக்கும் அப்படித்தான், நம்மவர்களுக்கும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, அன்று மத்தியானம் அந்த மணிச் சத்தமும் பிள்ளையார் மெட்டும் ஓட ஆரம்பித்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எதுக்குண்ணா ஒவ்வொரு தடவையும் மொதல்ல இதே? அங்க ஒக்காந்து கேக்குறவனுக்கு இது எதுக்கு? நேரா பிட்டு வெக்கலாம்ல?" என்றேன். அவன் எழுந்ததை நான் பார்க்கவில்லை. விரித்த உள்ளங்கை என் இடது காதில் விழுந்தது. முதலில் வலிகூட இல்லை. போர்வை போட்டு அடைத்த மாதிரி உலகத்தின் ஒரு பக்கம் மூடிக்கொண்டது. பிறகு 'ங்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகுதான் வலி. இரண்டாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது நான் அவனைக் கடித்தேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே. பல் எலும்பில் படுமளவுக்குக் கடித்தேன். ஆனால் பாருங்கள், இடது கையைக் கடித்தேன். மெட்டு வாசிக்கிற வலது கை என் வாய்க்கு எதிரிலேயே இருந்தும் அதைத் தொடவில்லை. காதில் ரத்தம் ஒழுகும்போதும் அந்தக் கரிசனம் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, என் மேலேயே எரிச்சல்தான் வருகிறது.

பெரியாஸ்பத்திரியில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். டாக்டரம்மா என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் படிக்கு அஞ்சு விரல் இருக்குமா?" என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். காதுக்குள் சவ்வு கிழிந்து சீழ் வைத்தது. ஆறிய பிறகும் அந்தக் காதுக்குக் கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு வாரம் என் கண்ணில் படாமல் சுற்றினான். எட்டாவது கேசட் பதிந்த அன்று வழக்கம்போல் கூப்பிட்டான். சுவரில் முதுகைச் சாய்த்தேன், வலது காதைத் திருப்பிக்கொண்டேன். மணிச் சத்தம், பிள்ளையார், பத்துப் பிட். "எப்டி இருக்கு?" என்றான். "ரொம்ப நல்லா இருக்குண்ணா" என்றேன். முன்பெல்லாம் பயத்தில் சொன்னேன். அன்று வெறுப்பில் சொன்னேன்.

ஒன்றை இங்கே எழுதிவிட வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவதையும் ஒன்பதாவதையும் உறைக்குள் போடும்போது கையில் பென்சில் வைத்திருந்தேன். கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சிலை விட்டு நாலைந்து நிமிடம் பொறுமையாகச் சுற்றினால் பிள்ளையார் மெட்டு தாண்டிவிடும். போட்டவுடன் முதல் பிட் காதில் விழும். அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. பென்சிலை உள்ளே விட்டேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை அப்படியேதான் மனதுக்குள் சொன்னேன். உறையை ஒட்டி, விலாசம் எழுதி, தபாலாபீசில் நானே கொடுத்தேன்.

ஒன்பதாவதற்கு ஒப்புகை அட்டை வந்து மூன்று மாதம் ஆன பிறகு அண்ணியின் முறை. குறி அவர் மேலல்ல, சுவர் மேல்தான் என்று பிற்பாடு சொன்னான். அண்ணன் எறிந்த அம்மிக் குழவி அண்ணியின் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி, காரை பெயர்ந்து அவர் புடவையெல்லாம் சுண்ணாம்பு. அண்ணிக்கு அப்போது நிறைமாதம். அவர் அழவில்லை. புடவையை உதறினார், ஒரு பையில் துணிகளை அடைத்தார், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அங்கேதான் அவர் அம்மா வீடு. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இவருக்கு யாரோ பதில் போடலன்னா என் புள்ளையா பதில் சொல்லணும், பாப்பா? நீயும் வந்துடு." நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், அவனைத் தனியாக விட்டால் யாரையாவது கொன்றுவிடுவான் என்று சொல்லிக்கொண்டேன். இந்தக் கதை எப்படி முடிகிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. அண்ணி போனவர் போனவர்தான்.

மறுநாள் காலை அண்ணன் குளித்து, சட்டை மாற்றி, "மெட்ராஸ் போறேன். அந்தக் கையெழுத்துக்காரன பாத்துட்டு வரேன்" என்றான். குரல் அமைதியாக இருந்தது, அதுதான் ஆபத்து. நானும் பஸ் ஏறினேன். தடுக்கத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. அடி வேறு யாருக்காவது விழட்டும், நான் பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தோம். ஒரு சாதாரண வீட்டின் மாடி அது. கீழே இருந்த வாட்ச்மேனிடம் அண்ணன் ஒரு ஒப்புகை அட்டையை நீட்டி, "இது யாரு கையெழுத்து?" என்று கேட்டான். "என்துதான் சார், தபால் வந்தா நான்தான் போடுவேன்" என்றார் அவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு. அத்தனை நாள் அட்டைகளைத் தரையில் பரப்பிப் படித்தோமே, அந்த நீட்டல், அவசரம், பிரியம் எல்லாம் இவருடையது. அண்ணன் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினான்.

மேலே ஒரே ஒரு அறை. சுவர் முழுக்க மர அடுக்குகள், அடுக்கெல்லாம் கேசட், மேலே சோகம், மங்களம், அடிதடி என்று சீட்டு ஒட்டியிருந்தது. நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டி சட்டையில், காதில் ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க். அனுப்புகிற எல்லாவற்றையும் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான், ஒற்றை ஆள். அண்ணன், "நீதானா?" என்றான். அவர் கண்ணைத் திறப்பதற்குள் ஹெட்போன் ஒயரைப் பிடித்து இழுத்தான். நாற்காலியோடு அவர் சாய, மூக்கில் ஒரு குத்து. "ரெண்டு வருசம்டா! ஒரு வார்த்த! நல்லா இல்லன்னாவது ஒரு வார்த்த எழுத உனக்குக் கை இல்லையா?" என்று கத்திக் கத்தி அடித்தான். அடிதடி என்று எழுதிய அடுக்கு சரிந்து கேசட்டுகள் இருவர் மேலும் கொட்டின. வெள்ளைச் சட்டையில் ரத்தம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. எனக்குள் உட்கார்ந்திருந்தவள் ரத்தத்தைக் கண்டதும் எங்கே ஓடினாளோ தெரியாது. நான் அண்ணனின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். வாட்ச்மேன் வந்து இடுப்பைப் பிடித்தார். ஒருவழியாகப் பிரித்தோம்.

அந்த மனிதர் தரையிலேயே உட்கார்ந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலை" என்றேன் நான்.

அவர் முழங்காலால் நகர்ந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். துழாவி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தார். ஒன்பது கேசட். ஒன்பதும் எங்களுடையவை. மேலே ஒரு சீட்டில், 'திருவண்ணாமலை, பக்தி, அதே கேசட்' என்று எழுதியிருந்தது.

"ஒரே கேசட்ட எதுக்குங்க திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கீங்க?" என்றார். "நாங்க பக்தி எடுக்குறதில்ல. ஒரு நாளைக்கு மூட்டையா வருது எனக்கு. போட்ட ஒடனே இருபது செகண்டு கேப்பேன். இதப் போட்டா மணி அடிக்குது, அதே பிள்ளையார் மெட்டு. மறுபடியும் வந்துட்டாருடா இவருன்னு எடுத்துக் கட்டி வெச்சேன். பாவம், யாரோ வேண்டுதல்னு நெனச்சேன்."

கீழே விழுந்த ஒரு கேசட்டிலிருந்து நாடா உருவி மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, என் இடது காதை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். அவனிடம் நான் சொன்ன அதே விஷயம், அடி வாங்கிக்கொண்ட அதே விஷயம், வேறொருவர் மூக்கு உடைந்து இப்போது அவன் காதில் ஏறியது. எனக்கு வெற்றிபெற்ற மாதிரி இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அந்தப் பென்சில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த மனிதர் எழுந்து, நாற்காலியை நிமிர்த்தி, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு முதல் கேசட்டைப் போட்டார். பிள்ளையாரை ஓட்டித் தள்ளிவிட்டுப் பிட்டுகளைக் கேட்டார். ஒன்பது கேசட்டையும் கேட்டார். ஹெட்போன் உடைந்துபோனதால் ஸ்பீக்கரில் போட்டார், எங்களுக்கும் கேட்டது. அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் நான் உட்காரும் மாதிரியே உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"ரெண்டாவது கேசட்ல மூணாவதா ஒரு அழுக பிட் இருக்கு. அத அன்னிக்கே கேட்டிருந்தேன்னா அன்னிக்கே எடுத்திருப்பேன்" என்றார். "சோகம் உங்களுக்கு நல்லா வருது. சண்ட பிட்டு ஒண்ணும் தேறாது. வெறும் சத்தம், அதுல அடியே இல்ல." இதைச் சொல்லும்போது தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. "அப்போ எடுத்துக்குவீங்களா?" என்று அண்ணன் கேட்டான். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி நான் கேட்டதேயில்லை. அவர் தலையை ஆட்டினார். "மாட்டேன் தம்பி. என்ன அடிச்ச கைய நான் தெனம் இங்க ஒக்காந்து கேக்கணும்ல? போலீசுக்கெல்லாம் போகல, ஒரு நாள் வேல கெட்டுரும். எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

ஒன்பது கேசட்டுக்கும் சேர்த்து அண்ணனுக்கு வந்த முதல் பதில் அதுதான். தபாலில் வரவில்லை, முகத்துக்கு நேரே வந்தது.

அந்த மனிதர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு அஞ்சலட்டை. 'அதே கேசட்டை ஏன் அனுப்புகிறீர்கள்' என்று ஒரே வரி. அதை எழுத அவருக்கு ஆகும் நேரம், அவர் கேட்கும் இருபது வினாடியைவிடக் கம்மி. அந்த வரி வந்திருந்தால் என் காது, அண்ணியின் குடித்தனம், ஒரு வயசானவரின் முட்டி எல்லாம் தப்பியிருக்கும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அஞ்சலட்டை வராததால் கையை ஓங்கு என்று அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. பூத்தில் தினமும் பார்த்தேன், எதிர்முனையில் எடுக்காத போனுக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். பக்கத்தில் இருந்து சொல்லக்கூடியவர்களின் வாயை இவன் அடித்து மூடினான். தூரத்தில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் தன் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமலே கிடந்தான்.

அன்றே பஸ் ஏறித் திரும்பினோம். செஞ்சியில் பஸ் நின்றபோது இறங்கி எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கி வந்தான். நான் குடிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டேன், அவன் பார்க்கும்படியாகவே கொட்டினேன். காலி கிளாஸை வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு அவன் எதையும் உடைத்ததாகவோ யாரையும் அடித்ததாகவோ நான் கேள்விப்படவில்லை. கம்பெனிகளுக்கு அனுப்புவதையும் விட்டுவிட்டான். கல்யாண மண்டபங்களில் தனியாளாக வாசித்துப் பிழைத்தான். அண்ணி திரும்பி வரவில்லை. வந்திருக்கவும் கூடாது. பிறந்த பெண் குழந்தையைப் பார்க்க மாதம் ஒருமுறை கீழ்பென்னாத்தூர் போவான், கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். நான் கல்யாணமாகி வேலூருக்கு வந்துவிட்டேன். அவனை நான் மன்னித்துவிட்டதாக உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. மன்னிக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் அவன் கைக்கு மொபைல் வந்தது. அன்றிலிருந்து சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூப்பிடுகிறான். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதிதாகப் போட்ட ஏதாவது ஒன்றை வாசிப்பான். பிள்ளையார் மெட்டு இல்லை, நேராகத் தொடங்கிவிடுவான். முடித்துவிட்டு, "எப்டி இருக்கு?" என்பான். "நல்லா இருக்குண்ணா" என்பேன். கேட்டுக்கொண்டு வைத்துவிடுவான். யாருக்கும் அனுப்பாத இசைக்கு நான் ஒருத்திதான் ஆள், நான் சொல்வதோ இருபது வருடமாகச் சொல்லும் அதே பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டான். ஒரு சோகமான மெட்டு. அருமையாகத் தொடங்கி, நடுவில் எங்கேயோ வழிதவறி, தேவையில்லாத அலங்காரமெல்லாம் சேர்ந்து அந்தத் துக்கத்தையே காணாமல் அடித்துவிட்டது. முடிந்தது. "எப்டி இருக்கு?" என்றான்.

"நல்லா இல்லண்ணா" என்றேன்.

சொன்ன மறுகணம் என் கை தானாக எழுந்து கன்னத்தை மறைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறான், கதவு சாத்தியிருக்கிறது, என் பையன் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறான். இருந்தும் தோளெல்லாம் குறுகி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். போனில் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். பின்னால் தெருவில் ஆட்டோ ஒன்று போகும் சத்தம் கேட்டது, வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"எந்த எடத்துல?" என்றான்.

கன்னத்திலிருந்து கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எந்த இடம் என்று சொன்னேன். அவன் அந்த இடத்திலிருந்து மறுபடியும் வாசித்தான்.